தாய்வீட்டின் கேள்வி: அசாந்திக் குடும்பம் ஒன்றில் பிள்ளையில்லாத பெண் (நிகழ்வு ஆய்வு)

பதிவின் நோக்கம்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், குமாசி நகருக்குத் தெற்கே கொக்கோ விளையும் ஒரு சிற்றூரின் மருத்துவமனையில், குழந்தைப்பேறு ஆலோசனைப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி வயது, தொழில், உறவு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நிகழ்ந்த வரிசையும் எடுத்த முடிவுகளும் அப்படியே இருக்கின்றன.

தாய்வழிச் சமூகம் என்றதும், பெண்ணுக்கு அங்கே நெருக்கடி குறைவாக இருக்கும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். சொத்திலும் பதவியிலும் அதில் உண்மை இருக்கிறது. பிள்ளை பெறாத பெண்ணின் விஷயத்தில் நிலைமை வேறு. அவளை நச்சரிப்பது பெற்ற தாய்; விவாகரத்துக்கு நாள் குறிப்பது தாய்மாமன்; சூனியக்காரி என்று ஐயப்படுவது கூடப் பிறந்தவள். கடைசியில் அவளுக்காக எழுந்து நிற்கக்கூடியவர்களும் இவர்களே. உதவி செய்யப் போகிறவர்கள் இதை அறிந்திருந்தால் எங்கே தொடங்குவது என்பது தெளிவாகும்.

பின்னணி

அசாந்தி மக்கள் அகான் இனத்தைச் சேர்ந்தவர்கள். பிள்ளையின் இரத்தம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. தந்தை தருவது ஆவியையும் குணத்தையும்; உயிரைத் தருபவர் கடவுள். குடும்பத்தை நிர்ணயிப்பது இரத்தம். எனவே பிள்ளைகள் தாயின் குலமான அபுசுவாவைச் சேர்ந்தவர்கள். ஓயோகோ, பிரெதுவோ, அசோனா, அதுவானா என்று எட்டுப் பெருங்குலங்கள் உண்டு. ஓர் ஆணின் சொத்து மரபுப்படி அவன் மகனுக்குப் போகாது. உடன்பிறந்தானுக்கும், பிறகு உடன்பிறந்தாளின் மகனுக்கும் போகும். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும்.

பெண்ணுக்கு இங்கே உண்மையான அதிகாரம் இருக்கிறது. அரசர் பதவி காலியானால் அடுத்தவரை முன்மொழிபவர் ராஜமாதா. 1900-இல் ஆங்கிலேயருக்கு எதிரான போரை முன்னின்று நடத்திய யா அசாந்தேவா, எஜிசு ஊரின் ராஜமாதா. சிறு குடும்பங்களிலும் ஆண் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு மூத்த பெண் அமர்ந்திருப்பார். பிறப்பு, பூப்பு, திருமண விவகாரங்களில் கடைசிச் சொல் அவருடையது.

அந்த மரியாதைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. குலம் பெண் வழியாக மட்டுமே நீளும். ஒரு தாய்க்கு ஐந்து மகன்கள் இருந்தாலும், மகள் இல்லாவிட்டால் அவள் கிளை அத்தோடு நின்றுவிடும். பிள்ளை வேண்டும் பெண்கள் முதுகில் கட்டிச் சுமந்த மரப்பாவைக்கு அகுவாபா என்று பெயர். தட்டையான வட்டத் தலையும் மடிப்பு மடிப்பான கழுத்தும் கொண்ட அந்தப் பாவை ஏறத்தாழ எப்போதும் பெண்ணுருவம்தான். ஆண் வாரிசுக்காக நேர்ந்துகொள்ளும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பாவையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பத்தாவது பிள்ளையைப் பெற்றவளுக்குக் கணவன் ஆட்டுக்கிடாய் கொடுத்துச் சிறப்பிக்கும் வழக்கம் இருந்தது. மறுபுறம், பிள்ளையில்லாமல் இறந்தவரின் உள்ளங்காலில் முள்ளைக் குத்தி, மறுபடியும் இப்படி வராதே என்று சொல்லிப் புதைத்த வழக்கத்தை 1920-களில் அங்கே ஆய்வு செய்த ராட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி குறித்துவைத்திருக்கிறார். நான் இருந்த காலத்தில் அப்படி ஒன்றைக் கேள்விப்படவில்லை. ஆனால் பிள்ளை பெறாதவர் முன்னோர் வரிசையில் சேரமாட்டார், அவர் பெயரைச் சொல்லி மதுவைத் தரையில் ஊற்றமாட்டார்கள் என்ற அச்சத்தை வயதானவர்கள் எங்களிடம் வெளிப்படையாகவே பேசினார்கள்.

அவர் வந்தபோது

முதலில் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 36. புகையில் வாட்டிய மீனைச் சந்தையில் விற்பவர். மூன்று சகோதரிகளில் மூத்தவர். நடுவிலவள் ஒரு மகனை விட்டுவிட்டு இறந்துபோனாள். அந்தப் பையனை நான்கு வயதிலிருந்து வளர்த்தவர் இவர். அசாந்தி வழக்கில் தாயின் சகோதரியும் தாய்தான். பையன் இவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடைசித் தங்கைக்கு இரண்டு மகன்கள். அப்போது ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. அந்தத் தாயின் கிளையில் அடுத்த தலைமுறைக்கு இருந்த ஒரே பெண் அந்தக் கைக்குழந்தை.

திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். முதல் சில ஆண்டுகள் பழைய முறைப்படி இவர் தாய்வீட்டிலேயே இருந்து, மாலையில் சமைத்த உணவைக் கணவர் வீட்டுக்கு அனுப்பினார். கணவர் லாரி ஓட்டுநர். தன் குலத்தின் நிலத்தில் கொக்கோவும் பயிரிட்டிருந்தார். பிறகு ஊரின் ஓரத்தில் மனை வாங்கி நான்கு அறை வீடு கட்டினார். இருவரும் பையனோடு அங்கே குடிபோனார்கள்.

எங்களிடம் அவரை அழைத்துவந்தது தாய். கணவர் வரவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாயே பதில் சொன்னார். மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று செவிலி கேட்டபோது, அவர் பையைத் திறந்து மேசைமேல் வைத்தார்: பிளாஸ்டிக் புட்டியில் பழுப்பு நிறக் கஷாயம், பிரார்த்தனை முகாமில் கொடுத்த எண்ணெய், எங்கள் மருத்துவமனையின் பழைய சீட்டுகள், ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டு. அந்தச் சீட்டுகளில் ஒன்றில்கூடக் கணவரின் பெயர் இல்லை.

தாயின் முறையீடு இதுதான்: இந்த மனிதனோடு பிள்ளை பிறக்கவில்லை, இவள் மாமன் திருமண மதுவை (மணத்தை உறுதிசெய்ய மணமகன் தரப்பு கொடுத்ததை) திருப்பிக் கொடுத்து உறவை முடிக்கத் தயாராக இருக்கிறார், இவள்தான் மறுக்கிறாள். தான் இறந்தால் தன்னைத் திரும்பப் பெற்றெடுக்க இந்த வீட்டில் வயிறு வேண்டாமா என்று கேட்டார். குலத்தில் இறந்தவர்கள் அதே குலத்துப் பெண்கள் வழியாக மீண்டும் பிறப்பார்கள் என்ற நம்பிக்கை அது. அந்தக் கேள்வியில் கொடுமை எதுவும் தொனிக்கவில்லை. தாய் அழுதுகொண்டிருந்தார்.

பரிசோதனையும் ரகசியமும்

இரண்டு முடிவுகள் எடுத்தோம். அடுத்த முறையிலிருந்து அவரைத் தனியாகப் பார்ப்பது. கணவரைப் பரிசோதிக்காமல் அவருக்கு இனி எந்தச் சிகிச்சையும் தொடங்காமலிருப்பது. முதலாவதற்குத் தாய் வருத்தப்பட்டார். இரண்டாவதற்கு அந்தப் பெண்ணே தயங்கினார். ஆண் மலட்டுத்தன்மை அங்கே நாவால் சொல்லக் கூசும் அவமானம். ஆணையும் சேர்த்துப் பரிசோதிக்காமல் பெண்ணை மட்டும் ஆண்டுக்கணக்கில் அலையவிடும் பழக்கம் கானாவுக்கு மட்டும் உரியதல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஆறு பேரில் ஒருவருக்குக் கருவுறாமைச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் ஆண்களும் இருக்கிறார்கள்.

அவருடைய கருக்குழாய் எக்ஸ்ரே குமாசியில் எடுக்கப்பட்டது. இரு குழாய்களும் திறந்திருந்தன. மற்ற முடிவுகளிலும் குறை இல்லை. கணவரை வரவழைக்கப் பல மாதங்கள் ஆயின. மனைவி வாயிலாகச் சொல்லியனுப்பினால் அது குற்றச்சாட்டாகிவிடும் என்பதால் மருத்துவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தோம். வெளிநோயாளிகள் போன பிறகு, மாலையில், ஆண் செவிலியர் ஒருவர் அவரைப் பார்த்தார். விந்துப் பரிசோதனை இரண்டு முறை, இடைவெளிவிட்டுச் செய்யப்பட்டது. இரண்டிலும் விந்தணு எதுவும் தென்படவில்லை.

முடிவை மனைவியின் முன்னிலையிலேயே சொல்லும்படி அவர்தான் கேட்டார். கேட்டுவிட்டு, இது இந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார். மனைவி ஒப்புக்கொண்டார். நாங்களும் கட்டுப்பட்டோம்.

பின்னாளில் என்னிடம் பலர் கேட்டார்கள்: ஆணின் குலம் பிள்ளைகள் வழியாக நீளாதபோது, அவருக்கு ஏன் இத்தனை வெட்கம்? வாரிசு எப்படியும் சகோதரியின் மகன்தானே? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவருடைய குலத்துக்கு அவர் பிள்ளை தேவையில்லை, அவருக்குத் தேவை. பெயர் வைப்பதும், ஆவியைத் தருவதும், தந்தை என்ற மதிப்பும் ஆணின் தனிச் சொத்து. குலத்தாரோ அவரைப் பிள்ளைக்காக நெருக்கவில்லை. பிள்ளையில்லாத தாய்மாமன் மருமகனுக்கு நஷ்டமில்லாதவர். மரபு அப்படியே இருந்தாலும், பின்னால் விளக்கப்போகும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு இது முன்னைவிட உண்மை.

இருவரும் வேறு வழிகளைப் பேசினார்கள். செயற்கைக் கருத்தரிப்பு தேசிய சுகாதாரக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. செலவு அவர்கள் எட்டக்கூடியதாக இல்லை. வேறொருவரின் விந்தைப் பெறுவது பற்றி மனைவிதான் கேட்டார். குலக்கணக்கில் அதில் தடையே இல்லை: இரத்தம் தாயுடையது, பிள்ளை முழுமையாக அவள் அபுசுவாவைச் சேர்ந்ததாகும். கணவர் மறுத்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ரகசியத்தின் விலையை மனைவி தனியாகச் செலுத்தினார். வாயைத் திறந்திருந்தால் தாய்வீட்டின் நெருக்கடி பாதி குறைந்திருக்கும். ஆனால் உடனே பிரிந்து வா என்ற கட்டளை வந்திருக்கும் என்று அவர் கணித்தார்; அது சரியான கணிப்பு. மணவிலக்கு அசாந்தியில் எளிது. கணவரை விட்டுவர அவருக்கு மனமில்லை.

ஓராண்டுக்குள் கணவர் குமாசியில் இன்னொரு பெண்ணோடு உறவு வைத்துக்கொண்டார். தன்மேல் குறை இல்லை என்று ஊருக்குக் காட்ட அவர் செய்த முயற்சியாகவே அதைப் பார்க்கிறேன். அங்கும் பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பெண்ணும் கஷாயமும் எண்ணெயுமாக அலையத் தொடங்கினாள் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்குச் சங்கடம் கூடியது. அவர் ரகசியத்தைச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அதே காரணத்தால் ஒரு பெண் வீணாக அலைவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. நாங்கள் செய்தது: கணவரிடம் பேசி, அவரே அந்தப் பெண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி செய்தோம். அவள் உடலில் குறை இல்லை என்ற முடிவை அவள் கையில் கொடுத்தோம். அதிலிருந்து எதை ஊகிப்பது என்பதை அவளிடமே விட்டோம். சில மாதங்களில் அவள் விலகிப்போய்விட்டாள்.

தங்கை மகளின் மரணம்

தங்கையின் பெண் குழந்தை இரண்டு வயது நிரம்பும் முன் இறந்தது. மழைக்காலம், காய்ச்சலைக் கஷாயத்தால் தணிக்கப் பார்த்து, மூன்றாம் நாள் தூக்கிவந்தார்கள். கடுமையான மலேரியா, இரத்தம் மிகக் குறைந்துபோயிருந்தது. இரத்தம் ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது.

பயியே எனப்படும் சூனியம் குலத்துக்குள் மட்டுமே வேலை செய்யும் என்பது அசாந்தி நம்பிக்கை. வெளியார் எவரும் உன்னைச் சூனியத்தால் கொல்ல முடியாது. உன் இரத்தம்தான் உன்னைக் கொல்லும். கிளையின் கடைசிப் பெண் குழந்தை இறந்திருக்கிறது. அதே குலத்தில் பிள்ளையில்லாத மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமல் சந்தேகம் தானாகவே அவர்மேல் போய் நின்றது. தன் வயிற்றையே சூனியத்துக்குப் பலி கொடுத்தவள், இப்போது தங்கையின் வயிற்றைத் தொட்டுவிட்டாள் என்றார்கள். தங்கை தன் மகன்களை அவர் வீட்டுப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினாள்.

தாய் அவரைப் பிரார்த்தனை முகாமுக்கு அழைத்துப் போனார். குற்றம் சாட்டுவதற்காக இல்லை. மகளிடமிருந்து அந்தத் தீய சக்தியை நீக்கி, மகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காக. அங்கே உண்ணாநோன்பு, இரவு விழிப்பு, பாவத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தல். எங்கள் செவிலி பார்க்கப் போனபோது அவர் தகரக் கூரையின் கீழ் பாயில் சாய்ந்திருந்தார், உதடுகள் வெடித்திருந்தன, தண்ணீர் கேட்டார்.

காவல்துறைக்குப் போகலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றார்: காவலர் தாயைத்தான் கைது செய்வார்கள். முகாமின் போதகரோடு வாதாடிப் பயனில்லை. ஒரு சொல்லில் அவரை வெளியே அழைத்துவரக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய தாயின் அண்ணன், குடும்பத் தலைவர், அதாவது அபுசுவாபன்யின். அதுவரை எங்களுக்கு அவர் மணவிலக்கு கோரும் தரப்பு. அவரைத் தவிர்த்தே வந்திருந்தோம். இப்போது அவரைத் தேடிப் போனோம்.

அவரிடம் மருத்துவ விளக்கம் எதையும் முதலில் பேசவில்லை. அவர் மருமகள் உண்ணாமல் இருக்கிறார், அங்கேயே இறந்தால் குலம் இன்னொரு ஆளை இழக்கும் என்று மட்டும் சொன்னோம். மறுநாள் விடியலில் அவரே வண்டி வைத்துக்கொண்டு போனார். மருமகளை எழுப்பி, நட என்றார். யாரும் தடுக்கவில்லை.

பிறகு தங்கையின் அனுமதி பெற்று, குழந்தையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டைத் துவி மொழியில் வரிவரியாக விளக்கினோம். தங்கை கேட்டுக்கொண்டாள். மலேரியாதான் என்று ஏற்றுக்கொண்டாள். அந்தக் கொசுவை அனுப்பியது யார் என்று கேட்டாள். காரணத்தை அறிவதால் மட்டும் சந்தேகம் கரைந்துவிடும் என்று நம்பும் சுகாதாரப் பணியாளர்கள் இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கணவரின் மரணமும் சவப்பெட்டியும்

அடுத்த ஆண்டு கணவர் பக்கவாதத்தில் இறந்தார். அசாந்தியில் இறுதிச்சடங்கு ஊர் கூடும் பெரிய நிகழ்வு. கறுப்பும் சிவப்பும் உடுத்தவர்கள் வரிசையில் அமர்ந்திருக்க, கொடுக்கும் நன்கொடை ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் பெயரோடு அறிவிக்கப்படும். கையில் ரசீது தருவார்கள். தந்தைக்குச் சவப்பெட்டி வாங்குவது பிள்ளைகளின் கடமை. பிள்ளையில்லாதவருக்கு யார் வாங்குவது? கணவரின் குலத்தார் இதையே உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வளர்ப்புப் பையனுக்கு அப்போது 19 வயது. தச்சுப் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். எவரிடமும் கேட்காமல், தன் முதலாளியிடம் கடனுக்குப் பெட்டி வாங்கி, பட்டறையின் தள்ளுவண்டியிலேயே கொண்டுவந்தான். ஒலிபெருக்கிக்காரரிடம் போய்த் தன் பெயரைச் சொன்னான். உறவு என்ன என்று அவர் கேட்டார். மகன் என்றான். அவர் அப்படியே அறிவித்தார். இறந்தவரின் மருமகன் எழுந்து மறுத்தார். திருத்தி அறிவிக்கச் சொன்னார். மூத்தவர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள். ரசீதிலும் மகன் என்றே எழுதப்பட்டது.

வீடு

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் அந்த மருமகன் வீட்டுச் சாவியைக் கேட்டார். மரபுப்படி வாரிசு அவர். பிள்ளையில்லாதவளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்றார்.

உயில் எழுதாமல் இறந்தவர்களின் சொத்து பற்றிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் (111-ஆம் எண்) இந்த மரபைப் பெருமளவு மாற்றியிருக்கிறது. இறந்தவர் தானே சம்பாதித்த வீடு, வீட்டுப் பொருட்கள் இரண்டும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்கே. மீதிச் சொத்தில், பிள்ளையும் மனைவியும் இருந்தால் பிள்ளைகளுக்கு 9/16, மனைவிக்கு 3/16, பெற்றோருக்கு 1/8, மரபுப்படி குலத்துக்கு 1/8. மனைவி இருந்து பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குக் கால், குலத்துக்குக் கால். பெற்றோரும் இல்லையென்றால் குலத்துக்குப் பாதி. குலத்தின் பொதுச் சொத்தை இந்தச் சட்டம் தொடாது. 1991-இல் வந்த திருத்தம், சொத்தைப் பிரிக்கும் முன் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றுவதைத் தடுக்கிறது. குலத்தின் வீடாகவே இருந்தாலும் ஆறு மாதம் அவகாசம் உண்டு.

பிள்ளையில்லாத விதவைக்கு இந்தச் சட்டம் என்ன தருகிறது என்பதை ஊரில் ஏறத்தாழ எவரும் அறிந்திருக்கவில்லை. மனைவி மக்களுக்கான சட்டம் என்று அதைச் சொல்லிப் பழகியதால், மக்கள் இல்லாவிட்டால் மனைவிக்கும் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் மூன்று விஷயங்களைப் பார்த்தார். திருமணம் பதிவு செய்யப்படவில்லை. ஆனால் திருமண மதுவைக் குடித்த சாட்சிகள் இரு தரப்பிலும் உயிரோடு இருந்தார்கள், அது போதும். வீட்டு மனை விலைக்கு வாங்கியது, பத்திரம் கணவர் பெயரில். கொக்கோத் தோட்டம் குலத்தின் நிலத்தில். இன்னொரு வழியையும் வழக்கறிஞர் காட்டினார்: இறந்தவர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டவரையும் அந்தச் சட்டம் பிள்ளையாகவே கருதுகிறது, ரசீதும் ஊர்ச் சாட்சியும் இருப்பதால் பையனுக்காகவும் பங்கு கேட்கலாம்.

அவர் யோசித்து எடுத்த முடிவு: வீட்டை விட்டுக்கொடுப்பதில்லை, தோட்டத்தைக் கேட்பதில்லை, பையனின் பங்குக்காக வழக்காடுவதில்லை. தோட்டத்தில் அவர் பல ஆண்டுகள் களை பறித்திருக்கிறார், கொக்கோக் காய்களை உடைத்து உலர்த்தியிருக்கிறார். அந்த உழைப்புக்கு அவர் எதுவும் பெறவில்லை. அதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் அதே சந்தையில் மீன் விற்று, அதே ஊரில் வாழப்போகிறவர் அவர். முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

குடும்பக் கூட்டம்

நீதிமன்றத்துக்குப் போகுமுன் இரு குலத்து மூத்தவர்களையும் அவருடைய மாமன் தன் முற்றத்துக்கு அழைத்தார். நாங்கள் ஓரமாக அமர்ந்திருந்தோம். மாமன் வழக்கறிஞரின் கடிதத்தை மேலாடை மடிப்பில் சொருகி வைத்திருந்தார். அதன் விளிம்பு எல்லோருக்கும் தெரிந்தது. கடைசிவரை அதைப் பிரிக்கவில்லை.

கணவரின் தரப்பு இரண்டைச் சொன்னது: இவள் எங்கள் ஆளுக்குப் பிள்ளை தரவில்லை, இவள் சொந்தக் குலமே இவளைச் சூனியக்காரி என்கிறது. எங்களில் ஒருவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பரிசோதனை முடிவு அந்த நேரத்தில் வெளிவந்திருந்தால் முதல் வாதம் அங்கேயே விழுந்திருக்கும். அந்தப் பெண் எங்களைப் பார்த்து மெல்லத் தலையசைத்து மறுத்தார். இறந்தவருக்கும் ரகசியம் உண்டு என்பது எங்கள் தொழிலின் விதி. அவருக்கு அது கொடுத்த வாக்கு. இன்னொன்றும் இருந்தது. யார் உடலில் குறை என்று காட்டித்தான் ஒரு பெண்ணின் வீட்டைக் காக்க முடியும் என்று ஆகிவிட்டால், உண்மையிலேயே தன் உடலில் குறை உள்ள அடுத்த பெண்ணுக்கு வாதமே இருக்காது.

மாமன் பதில் சொன்னார். குடும்பம் காட்டைப் போன்றது, வெளியே நின்றால் ஒரே அடர்த்தி, உள்ளே போனால் ஒவ்வொரு மரமும் தனித்தனி இடத்தில் நிற்கும் என்ற அகான் பழமொழியோடு தொடங்கினார். எங்கள் குலத்துக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்பது எங்களோடு. உங்கள் முன்னால் இவள் எங்கள் இரத்தம் என்றார். பிறகு சவப்பெட்டி ரசீதை எடுத்து வைத்தார்.

தங்கையும் அங்கே இருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை. எதிராகவும் பேசவில்லை.

முடிவு அன்றே எட்டப்பட்டது. வீடும் வீட்டுப் பொருட்களும் அவருக்கு. தோட்டம் கணவரின் குலத்துக்கு. லாரி வாடகைக்கு ஓடியது. எனவே அது வீட்டுப் பொருளில் சேராது, அதை விற்று ஆளுக்குப் பாதி. இதே நிபந்தனைகளோடு இரு தரப்பும் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் சொத்து நிர்வாக அனுமதி பெற்றார்கள். வாய்ச்சொல்லோடு நிற்காமல் நீதிமன்றத் தாள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தியதற்குக் காரணம் மாமனின் வயது: அவருக்குப் பிறகு வரும் தலைவர் வேறு மாதிரி நினைக்கலாம்.

அதன் பின்

அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். பையன் தொழில் முடித்துத் தனிப் பட்டறை தொடங்கினான். முன்பணம் லாரிப் பங்கிலிருந்து வந்தது.

குமாசிப் பெண் வேறொருவரை மணந்து குழந்தை பெற்றாள். செய்தி ஊருக்கு வந்தபோது, குறை யாரிடம் இருந்தது என்று இனியாவது புரிந்துகொள்வார்கள் என எதிர்பார்த்தோம். சிலர் புரிந்துகொண்டார்கள். வேறு சிலர், மூத்தவள் சூனியத்தால் அவள் வயிற்றைக் கட்டியிருந்தாள், அந்த மனிதர் இறந்ததும் கட்டு அவிழ்ந்தது என்றார்கள்.

தாய் இறந்த பிறகு அந்தக் கிளையின் மூத்த பெண் என்ற இடம் காலியானது. வயதுப்படி அது அவருக்கு உரியது. மாமன் அவர் பெயரைச் சொன்னார், மற்றவர்கள் ஏற்கவில்லை. பிள்ளை பெற்றவள் என்ற காரணத்தால் தங்கைக்குக் கொடுத்தார்கள். ஆனால் இறுதிச்சடங்கு வரவுசெலவை வைத்திருப்பதும், பணம் சம்பந்தமான பேச்சுக்குப் போவதும் அவர்தான். தங்கையின் மகன்கள் மறுபடியும் வீட்டுக்கு வருகிறார்கள். தங்கை வாசல்வரை வருவாள்.

இனி மாற வேண்டியவை

பிள்ளை இல்லையென்று பெண் தனியாக வந்தால், சீட்டை அவள் பெயரில் மட்டும் எழுதக்கூடாது. முதல் நாளிலேயே இருவர் பெயரும் கொண்ட கோப்பு திறக்க வேண்டும். விந்துப் பரிசோதனை, எக்ஸ்ரேயைவிட மலிவானது, வலியில்லாதது. அதை முதலில் செய்வதே முறை. ஆண்கள் வர மறுக்கிறார்கள் என்ற புகாரின் பெரும்பகுதி, அவர்களை நேராக, மரியாதையாக, தனி நேரம் ஒதுக்கி அழைக்காததால் வருவது.

பரிசோதனைக்கு முன்பே ரகசியம் பற்றிப் பேசிவிட வேண்டும்: முடிவு எதுவானாலும் யாருக்குச் சொல்வது, வேறொரு துணை வந்தால் அவருக்கு என்ன சொல்வது, ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்வது. முடிவு கையில் வந்த பிறகு பேசும்போது, வெட்கப்படுகிறவரின் சொல்லே நிபந்தனையாகிவிடுகிறது, சுமை மற்றவர்மேல் விழுகிறது.

தாய்மாமனைத் தொடக்கத்திலேயே சந்திக்க வேண்டும். அவர் எதிர்த்தரப்பாகத் தோன்றினாலும், பெண் சம்மதித்தால், போக வேண்டும். முகாமிலிருந்து ஒரு சொல்லில் அழைத்துவந்தவரும், கூட்டத்தில் இவள் எங்கள் இரத்தம் என்றவரும் மணவிலக்குக்கு நாள் குறித்த அதே மனிதர்.

வளர்ப்புப் பிள்ளை இருந்தால் 1998-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி தத்துப் பதிவு செய்துகொள்ளும் வழியை அப்போதே விளக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தப் பையனின் இடத்துக்கு எழுத்தில் இருந்த ஒரே ஆதாரம் ஒரு சவப்பெட்டியின் ரசீது.

கடைசியாக, திருமணப் பதிவும் வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும். இப்போது எங்கள் பிரிவுக்கு வரும் தம்பதியர் எல்லோரிடமும், உடல் சம்பந்தமான கேள்விகள் முடிந்ததும், இந்த இரண்டையும் கேட்கிறோம். கணவர்களில் சிலருக்கு அது பிடிப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தின் பதிவுப் படிவம் மேசையிலேயே இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் மனைவியரின் தாய்மார்கள்.